சென்னியப்பன் நீரேற்றி

1957 பிப்ரவரி 3, ஞாயிறு

பெரிய மனிதர்கள் எல்லோரும் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார்கள். நானும் இன்று தொடங்குகிறேன். பின்னால் என்னைப் பற்றி எழுத வருகிறவர்கள் விவரம் கேட்டு ஊர் ஊராக அலைய வேண்டாம் அல்லவா.

பெயர் சென்னியப்பன். காங்கயம் சந்தை ரோட்டில் 'சென்னியப்பன் கண்ணொளி நிலையம்' என் கடை. கண்ணைச் சோதிப்பதும் நானே, கண்ணாடிச் சில்லை எமரித் தூளும் தண்ணீரும் விட்டு இரும்பு அச்சில் தேய்த்துப் பவர் ஏற்றுவதும் நானே. மற்ற கடைக்காரன்கள் சென்னையிலிருந்து தேய்த்த வில்லையை வரவழைத்து ஃப்ரேமில் மாட்டிவிட்டு டாக்டர் மாதிரி இருமுகிறான்கள். வாசலில் போர்டு வைத்திருக்கிறேன்: 'படித்தவருக்கும் கண் இரண்டு, படிக்காதவருக்கும் கண் இரண்டு. உள்ளே வருக.' வாசகம் என் சொந்தம்.

வில்லை தேய்க்கும்போது தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் கிணறு, முப்பதடி. தண்ணீரை என் மனைவி பாவாத்தாள் இறைத்துத் தருகிறாள். கல்யாணமான நாளிலிருந்து அவள்தான். நேற்றுத் தோளைப் பிடித்துக்கொண்டு, "கயிறு இழுக்க முடியலீங்க, கை கடுக்குது" என்றாள். எனக்கு மனசு கேட்கவில்லை. வேறொருவனாக இருந்தால் என்ன செய்திருப்பான்? தானே நாலு குடம் இறைத்துக் கொடுத்திருப்பான். அதெல்லாம் தற்காலிக ஏற்பாடு. நான் இயந்திரம் செய்யப் போகிறேன்.

பிப்ரவரி 6, புதன்

திட்டம் தயார். இரண்டு சக்கரம், ஒரு மிதி. மிதித்தால் ஒரு சக்கரம் கிணற்றிலிருந்து தண்ணீரை ஏற்றும். இன்னொரு சக்கரம் அதே நேரத்தில் வில்லையைத் தேய்க்கும். ஒரே மிதியில் நீரும் பார்வையும்! உலகத்தில் யாருக்கும் இது தோன்றவில்லை என்பதை நினைத்தால் உலகத்தின் மேல் பரிதாபமாக இருக்கிறது.

மிதிப்பது பாவாத்தாள். காலால்தானே, தோளுக்கு முழு ஓய்வு.

பிப்ரவரி 10, ஞாயிறு

ஹைஸ்கூல் டிராயிங் மாஸ்டர் ஒருவர் இன்று கடைக்கு எதிரே நடந்து போனார். எனக்கு ரொம்ப வேண்டியவர். நான் கும்பிட்டும் கண்டுகொள்ளாமல் போனார். வேறு யாராவது என்றால் திமிர் என்று நினைத்திருப்பார்கள். எனக்குத் தெரியாதா? ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்துவந்து சோதித்தேன். மைனஸ் மூன்று. "எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று ஆச்சரியப்பட்டார். "நடையைப் பார்த்தே சொல்லுவேனுங்க" என்றேன். உண்மைதான். கிட்டப் பார்வை மட்டும் உள்ளவன் காலைத் தேய்த்துத் தேய்த்து வைப்பான், கண்ணைச் சுருக்குவான், கும்பிட்டால் கும்பிடமாட்டான்.

சாயங்காலம் என் அக்கா வந்து ஒரு பாட்டம் கத்திவிட்டுப் போனாள். சந்தையில் பாவாத்தாள் அவளைப் பார்த்தும் பார்க்காதது மாதிரி போய்விட்டாளாம். "உம்பட பொண்டாட்டிக்குக் கண்ணு தலைக்கு மேல போயிருச்சுடா" என்றாள். பாவாத்தாளைக் கூப்பிட்டுக் கண்டித்தேன். "உங்க அக்கா அங்க இருந்தாங்களா?" என்று கேட்கிறாள். திமிர் இருக்கலாம், இத்தனை இருக்கக் கூடாது.

பிப்ரவரி 14, வியாழன்

லேத் பட்டறை ஆறுச்சாமி சக்கரங்களைக் கொண்டுவந்து போட்டான். ஒன்று கரும்பாலையிலிருந்து கழற்றியது, இன்னொன்று எதிலிருந்து என்று சொல்லமாட்டேன் என்கிறான். "ஏனுங்க, இது சுத்துமுங்களா?" என்றான். ஆரம்பத்தில் எல்லா மேதைகளையும் இப்படித்தான் கேட்டிருப்பார்கள்.

ராத்திரிச் சோற்றில் கல். சொன்னால் பாவாத்தாளுக்கு ரோஷம் வருகிறது. முறத்தை மூக்குக்கு நேரே பிடித்துக்கொண்டு புடைக்கிறவளுக்குக் கல் எப்படித் தப்புகிறது? கவனம் இல்லை, அவ்வளவுதான். கண்ணில் குறை இருந்தால் எனக்குத் தெரியாதா? நேற்று ஊசியில் நூலை ஒரே தடவையில் கோத்தாள்.

பிப்ரவரி 17, ஞாயிறு

இயந்திரத்தை நிறுத்த இடம் போதவில்லை. கிணற்றின் கைப்பிடிச் சுவரில் கிழக்குப் பக்கத்தை இடிக்கச் சொல்லிவிட்டேன்.

பாவாத்தாள் வந்து நின்றாள். எதற்கும் எதிர்த்துப் பேசாதவள். "ஏனுங்க, செவுத்தை இடிக்காம முடியாதுங்களா? நான் அதைத் தொட்டுத்தானுங்க போறேன்" என்றாள்.

"செவுத்தை எதுக்குப் புள்ள தொடோணும்? முன்னால கெணறு இருக்கறது கண்ணுக்குத் தெரியாதா?"

சுவரை ஒரு தடவை தடவிப் பார்த்தாள். பிறகு, "சரிங்க" என்று உள்ளே போய்விட்டாள். விளக்கிச் சொன்னால் புரிந்துகொள்வாள், நல்ல பெண்.

பிப்ரவரி 22, வெள்ளி

காற்று. வேலை நடக்கவில்லை. வாசல் கொடியில் காயப்போட்டிருந்த என் கோட்டைப் பார்த்து பாவாத்தாள் "வாங்க, உக்காருங்க, இப்ப வந்துருவாரு" என்றாளாம். எதிர்வீட்டு அங்கம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கோட்டு அவ்வளவு கம்பீரமாக இருக்கிறது போலிருக்கிறது.

பிப்ரவரி 24, ஞாயிறு

இயந்திரம் நின்றுவிட்டது! ஓடவில்லை என்று சொல்லவில்லை, நிமிர்ந்து நின்றுவிட்டது. சைக்கிள் சங்கிலியில் வரிசையாகத் தகர டப்பாக்கள், பக்கத்தில் வில்லை தேய்க்கும் அச்சு. பாவாத்தாளை அழைத்துக் காட்டினேன்.

"நல்லாப் பெருசா இருக்குதுங்க" என்றாள். ஆனால் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். பெருமையில் கூச்சம்.

"நெசமாவே தண்ணி வருமுங்களா?"

"கொட்டும்."

"எப்படியோ உங்க புண்ணியத்துல இந்தத் தோளுவலி போனாச் சரீங்க." இந்த ஊரில் என் ஆராய்ச்சியை மதிக்கிறவள் இவள் ஒருத்திதான்.

பிப்ரவரி 26, செவ்வாய்

சோதனை ஓட்டம். பாவாத்தாள் மிதித்தாள், ஆறுச்சாமி சங்கிலியைத் தள்ளிவிட்டான், அங்கம்மாள் டப்பாக்களை நிமிர்த்திக் கொடுத்தாள். பாதி டப்பாக்கள் கிணற்றுக்குள் கழன்று விழுந்தன. மிச்சத்தில் சேர்ந்தது ஒரு செம்புத் தண்ணீர். மூன்று பேர் சேர்ந்து ஒரு செம்பு! தொடக்கத்துக்கு இது குறைவில்லை.

வில்லையில் மணல் கீறல் விழுந்துவிட்டது. எமரித் தூள் கிணற்றில் விழுந்துவிட்டது. காப்பி நறநறவென்று இருந்தது. பாவாத்தாளிடம் காப்பியை வடிகட்டிக் கொடுக்கத் தெரியாதா என்று கேட்டேன்.

மார்ச் 3, ஞாயிறு

டப்பா முறை பழைய முறை, கைவிட்டாயிற்று. புது முறை: மாடு கட்டி இறைக்கும் கமலை ஏற்றத்துக்குப் போடும் பெரிய இரும்புச் சால், தடித்த கயிறு, அதைச் சுருட்டப் பல்சக்கரம். வில்லைச் சக்கரத்தைத் தற்போதைக்குக் கழற்றிவிட்டேன். டெவலப்மெண்ட் ஆபீஸுக்குப் போய், அடுத்து நடக்கப்போகும் விவசாயப் பொருட்காட்சியில் என் இயந்திரத்தை வைக்க வேண்டும் என்று சொல்லி வந்தேன். ஆபீசர் தேவசகாயம் தெற்கத்தி மனிதர், மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். நேரில் வந்து பார்ப்பாராம்.

கிணற்றின் பழைய உருளையையும் கழற்றியாயிற்று. புது முறை ஓடும்வரை பாவாத்தாள் இடித்த பக்கத்தில் குனிந்து நின்று கையால் கயிறு விட்டு இறைத்துக்கொள்கிறாள். கொஞ்ச நாள் சிரமம். விஞ்ஞானத்துக்காகப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மார்ச் 12, செவ்வாய்

வெற்றி! நீரேற்றி இன்று முதல் முறையாக நூறு ராத்தல் பாரத்தை முப்பதடி ஆழத்திலிருந்து மேலே கொண்டுவந்துவிட்டது!

பாரம் பாவாத்தாள்.

காலையில் குடத்தோடு கிணற்றடிக்குப் போயிருக்கிறாள். சுவர் இருந்த இடத்தில் கையை வைத்திருக்கிறாள். அங்கே சுவர் இல்லை. வேப்பமரத்தில் முனை கட்டியிருந்த கயிறு கையில் இருந்ததால் நேராக விழாமல் வழுக்கிக்கொண்டு போயிருக்கிறாள். கழுத்தளவு தண்ணீர். "ஐயோ சாமி" என்று ஒரு சத்தம்தான் கேட்டது. கடையிலிருந்து நான் எப்படி ஓடிவந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. எட்டிப் பார்த்தேன். கல்லைப் பிடித்துக்கொண்டு, மேலே முகத்தைத் தூக்கி, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "ஏனுங்க, இருக்கறீங்களா?" என்று கேட்டாள். அவளுக்கு நேர் மேலேதான் நின்றேன்.

இரும்புச் சாலைக் கிணற்றுக்குள் இறக்கினோம். ஏறி உட்கார்ந்துகொண்டாள். தெருப் பெண்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். சக்கரம் சற்றுத் தயங்கியது, பெண்கள் கயிற்றைக் கொஞ்சம் தொட்டு உதவினார்கள். அது பொருட்டல்ல. மேலே வந்துவிட்டாள். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து ரத்தம். நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன் என்று அங்கம்மாள் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். உரத்த குரலில் மேற்பார்வை செய்தேன்.

மார்ச் 14, வியாழன்

ஆஸ்பத்திரி. கைக்குக் கட்டு மாற்றிய டாக்டர் ரெஜினா அம்மாள் பாவாத்தாளிடம், "எப்படிம்மா விழுந்தீங்க? கிணறு தெரியலையா?" என்று கேட்டார்.

"பக்கத்துல இருந்தாத் தெரியுமுங்க. தள்ளி இருந்தா எல்லாமே புகைமாதிரிதானுங்க."

"எத்தனை நாளா?"

"சின்னப் புள்ளையில இருந்தேங்க. எல்லாத்துக்கும் அப்படித்தான் தெரியும்னு நெனச்சுட்டு இருந்தேன்."

டாக்டர் பேனாவை மூடினார். "வீட்டுக்காரர் என்ன வேலை பாக்கறார்?"

பாவாத்தாள் பெருமையாகச் சொன்னாள்: "கண்ணாடிக் கடைங்க. அவரே தேச்சுப் போடறாரு. நடையைப் பார்த்தே பவர் சொல்லிப்போடுவாரு."

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆஸ்பத்திரிகளில் உட்கார வசதியாக நாற்காலி போடுவதில்லை. நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

மார்ச் 15, வெள்ளி

ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிட வேண்டும். கண்ணாடி என்பது பெரும்பாலும் படிக்கிறவர்களுக்கு. என் மகனுக்கு எட்டு வயதிலேயே போட்டுவிட்டேன், இப்போது கோயம்புத்தூரில் காலேஜில் படிக்கிறான். பாவாத்தாள் படிக்காதவள். போர்டில் எழுதியது வியாபாரத்துக்காக எழுதியது. இதில் என் தவறு ஒன்றும் இல்லை.

கடையைச் சாத்திவிட்டு அவளை நாற்காலியில் உட்காரவைத்தேன். இத்தனை வருஷத்தில் அந்த நாற்காலியை அவள் துடைத்திருக்கிறாள், உட்கார்ந்ததில்லை. எழுத்துத் தெரியாதவர்களுக்கென்று சீப்பு மாதிரிப் படம் போட்ட அட்டை இருக்கிறது, பல் எந்தப் பக்கம் என்று கை காட்டினால் போதும். முதல் படம் உள்ளங்கை அகலம்.

"எந்தப் பக்கம் புள்ள?"

"என்னதுங்க?"

"செவுத்துல இருக்கற படம்."

"வெள்ளையா ஏதோ துணி காயுதுங்க."

ஒவ்வொரு வில்லையாகப் போட்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. டிராயிங் மாஸ்டரைத் தாண்டியாயிற்று. மைனஸ் ஐந்து போட்டதும் நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். மூக்கின் மேல் சோதனை ஃப்ரேம் கனத்துக்கொண்டிருந்தது, அவள் தலையை அசைக்கவே இல்லை.

"அந்த அட்டைக்குக் கீழ ஒரு பல்லி இருக்குதுங்க" என்றாள்.

பல்லியை விரட்டுகிற சாக்கில் எழுந்து போனேன்.

மார்ச் 16, சனி

மைனஸ் ஐந்துக்குக் குழிவு அதிகம், நிறையத் தேய்க்க வேண்டும். நிறையத் தண்ணீர் வேண்டும். அவள் கையில் கட்டு. நானே இறைத்தேன்.

மார்ச் 17, ஞாயிறு

இறைத்தேன். தேய்த்தேன். தோளைத் தூக்க முடியவில்லை. இப்படிக் கடுக்கும் என்று யாரும் சொல்லவே இல்லையே! அவள் சொன்னாள்தான், ஆனால் இந்த அளவுக்குச் சொல்லவில்லை.

மார்ச் 21, வியாழன்

கண்ணாடி முடிந்தது. மாட்டிவிட்டேன். "ஊரு சிரிக்குமுங்க, பொம்பளை கண்ணாடி போட்டா" என்றாள். சிரித்தால் பல் தெரியும், பார்த்துக்கொள் என்றேன்.

உடனே வீட்டுக்குள் போனாள். சந்தோஷப்படுவாள், என்னைப் புகழ்வாள் என்று காத்திருந்தேன். உள்ளேயிருந்து, "அட கருமமே! இந்த ஊட்டுலயா நான் இத்தனை நாளாச் சோறாக்குனேன்!" என்று ஒரு கூச்சல். ஒட்டடை, எண்ணெய்ப் பிசுக்கு, எல்லாப் பாத்திரத்திலும் எமரித் தூள். கட்டுப் போட்ட கையோடு பொழுது சாயும் வரை துடைத்துக்கொண்டிருந்தாள். அங்கம்மாள் வந்தபோது பாவாத்தாள் அவள் முகத்தை உற்றுப் பார்த்து, "உங்களுக்கு மூக்குத்தி இருக்குதுங்களாக்கா!" என்றாள்.

அப்புறம் கிணற்றடிக்குப் போனாள். இயந்திரத்தைச் சுற்றி வந்தாள். கயிற்றால் கட்டிய இடத்தையும், ஆறுச்சாமி ஆப்பு வைத்திருந்த இடத்தையும் குனிந்து பார்த்தாள்.

"இதுதானுங்களா அது?"

"ஆமா. எப்படி?"

"இதுல எதுங்க என்னையத் தூக்குச்சு?"

விளக்கினேன். "ஓஹோ" என்றாள். அவள் இந்தச் சொல்லை என்னிடம் சொல்வது இதுவே முதல் தடவை.

மார்ச் 29, வெள்ளி

ஒரு பெண்ணின் உயிரைக் காத்த இயந்திரம் என்று பேச்சு ஆபீஸ் வரை போய்விட்டது! தேவசகாயமே கடைக்கு வந்தார். ஏப்ரல் ஏழாம் தேதி பொருட்காட்சிக் கமிட்டி பார்க்க வருகிறதாம். "தண்ணீ ஏத்துறத நெறைய பாத்துட்டோம். ஆள ஏத்துறதைத்தான் பாக்கணும். அன்னிக்கு மாதிரியே ஒருத்தரை எறக்கி ஏத்திக் காட்டிருங்க" என்றார்.

சரியென்று சொல்லிவிட்டேன். அனுபவம் உள்ள ஆள் வீட்டிலேயே இருக்கிறது. பாவாத்தாளிடம் இன்னும் சொல்லவில்லை.

ஏப்ரல் 6, சனி

இன்னும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே தூரத்திலிருந்தே என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, சொல்லுங்க" என்கிறாள். சொல்ல வந்தது மறந்துபோகிறது.

ஏப்ரல் 8, திங்கள்

நேற்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். ஊரில் வேறு மாதிரிச் சொல்கிறார்கள்.

கமிட்டி வந்தது. ஆபீசர், கூட நாலு பேர், வேடிக்கை பார்க்கத் தெரு முழுக்க. மாலை போட்டேன், கலர் சோடா கொடுத்தேன், பேசினேன். தேவசகாயம், "சரி, யாரு எறங்கப் போறது?" என்றார்.

நான் பாவாத்தாளைப் பார்த்தேன். கூட்டத்தின் கடைசியில் நின்றுகொண்டிருந்தாள். அங்கிருந்தே என் முகத்தில் எல்லாவற்றையும் படித்துவிட்டாள். எழுத்துத் தெரியாதவள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "ஐயா, இவரையே எறக்குங்க. செஞ்சவருக்குத்தானுங்க எது எப்படி ஓடும்னு தெரியும்."

"அதுவும் நியாயந்தானே" என்றார் ஆபீசர். எல்லோரும் நியாயம் நியாயம் என்றார்கள். ஆறுச்சாமி இருக்கிற பல்லையெல்லாம் காட்டினான்.

சாலில் உட்கார்ந்தேன். ஆறு ஆண்கள் சக்கரத்தைப் பிடித்தார்கள். பாதிக் கிணறு வரை இறங்குவதற்கு நன்றாகவே இறங்கியது, இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அப்புறம் மேலே மடார் என்று ஒரு சத்தம். பல்சக்கரம் கயிற்றைக் கடித்துக்கொண்டது. கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை. சால் சுற்ற ஆரம்பித்தது, நானும் சுற்றினேன்.

மேலே ஆலோசனை நடந்தது. அங்கம்மாள் ஆபீசரிடம், "அன்னைக்கும் இப்படித்தானுங்க கடிச்சுக்குச்சு. இந்தக் கருமத்தை அறுத்து உட்டுட்டு நாங்கதான் கையில இழுத்தோம்" என்று சொல்வது எனக்குத் தெளிவாகக் கேட்டது. கிணற்றுக்குள் எல்லாமே நன்றாகக் கேட்கிறது.

அப்போது பாவாத்தாள் விளிம்பில் வந்து மண்டியிட்டு எட்டிப் பார்த்தாள். கண்ணாடி பளபளத்தது. நேராக என் கண்ணைப் பார்த்தாள்.

"பயப்படாதீங்க. நீங்க எங்க இருக்கறீங்கன்னு எனக்கு நல்லாத் தெரியுது" என்றாள்.

ஆபீசர் அவளைக் கவனித்திருக்கிறார். "அருமையான கண்ணாடியா இருக்கேம்மா. யாரு செஞ்சது?"

"நான்தானுங்க!" என்று உள்ளேயிருந்து கத்தினேன். விவரம் விட்டுப்போகக் கூடாது அல்லவா.

"ஆமாங்க, அவருதான்" என்றாள் பாவாத்தாள். "இருவது வருசமா அவரு பக்கத்துலயே இருந்தனுங்க. கெணத்துல வுழுந்தப்புறந்தான் எம்பட கண்ணு அவருக்குத் தெரிஞ்சுது."

மேலே யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலையாக இருந்திருக்கும். நான் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

அவளே வேறொரு கயிற்றை வேப்பமரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, முனையைக் கீழே விட்டாள். "இடுப்புல கட்டிக்குங்க. அதில்ல, அந்த முடிச்சு உருவிக்கும். இன்னொரு சுத்து. ம், அதுதான்." ஒவ்வொன்றையும் மேலேயிருந்தே பார்த்துச் சொன்னாள். பெண்கள் இழுத்தார்கள். அவளும் இழுத்தாள், தோல் இன்னும் சரியாக மூடாத கையால்.

மேலே வந்து மண்ணில் உட்கார்ந்தேன். கமிட்டி, சுவரை உடனே கட்டிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஊருக்குப் புறப்பட்டது. கூட்டம் கலைந்தது. பாவாத்தாள் மட்டும் நாலு எட்டுத் தள்ளி நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது.

"என்ன புள்ள அப்படிப் பாக்கறே?"

"இல்லீங்க, கிட்டத்துல பாத்திருக்கறேன். தள்ளி நின்னு உங்களை இப்பத்தானுங்க முழுசாப் பாக்கறேன்."

கேட்டிருக்க வேண்டாம். கேட்டுவிட்டேன். "எப்படி இருக்கறேன்?"

கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். மறுபடி மாட்டிக்கொண்டு, அவசரப்படாமல், தலையிலிருந்து கால் வரை பார்த்தாள்.

"பரவாயில்லீங்க. பழகிக்கலாம்" என்று சொல்லிவிட்டு, காலிக் குடத்தை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள்.